28 வயது, நெற்றி ஏறிவிட்டது, உச்சியில் சொட்டை: நடுவதா, பேட்ச் வைப்பதா, மருந்தா?

ஒரகடம்_ஷிப்ட் எழுதியது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். வயது 28. சொந்த ஊர் மதுரைப் பக்கம், வேலை ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும், எட்டு மணி நேரமும் தலையில் சேப்டி ஹெல்மெட். 23 வயதில் நெற்றி இரண்டு பக்கமும் ஏற ஆரம்பித்தது, இப்போது உச்சியில் உள்ளங்கை அளவுக்குச் சொட்டை. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் இப்படித்தான் போனது.

வீட்டில் பெண் பார்க்கிறார்கள். ஜாதகம் பொருந்திவிடுகிறது, போட்டோ போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. மூன்று இடத்தில் இப்படி ஆயிற்று. அம்மா கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை மாதாமாதம் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறார். தேய்க்கிறேன், முடி வரவில்லை.

போன வாரம் ஒரு முடி நடும் கிளினிக்குக்குப் போனேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு 3,500 கிராஃப்ட் (பின்மண்டையிலிருந்து வேரோடு எடுத்து நடும் முடி) வேண்டும், இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி, மாதத் தவணையும் உண்டு என்றார்கள். பேசியவர் டாக்டர் இல்லை, கவுன்சிலர் என்று சொன்னார். அங்கிருந்து இன்னொரு கடைக்குப் போனால் 14,000 ரூபாய்க்கு பேட்ச், அதாவது சொட்டை மேல் ஒட்டுகிற செயற்கைத் தலைமுடி, இரண்டு மணி நேரத்தில் முடி வந்துவிடும் என்கிறார்கள். கண்ணாடியில் அந்த மாதிரி பேட்சை வைத்துக் காட்டியபோது, பொய் சொல்லவில்லை, கண் கலங்கிவிட்டது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இருந்த முகம் அது.

என்ன செய்யட்டும்? செய்தவர்கள் சொல்லுங்கள்.


கீற்றுக்கொட்டகை எழுதியது:

தம்பி, முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாதே. கட்டியிருந்தால் திருப்பிக் கேள். நான் ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்று கீழே படி.

எனக்கு இப்போது 34. 25 வயதில் நட்டேன், 2,800 கிராஃப்ட். அன்றைக்கு என் நிலைமை உன்னைவிட நல்ல நிலைமை, நெற்றி மட்டும்தான் ஏறியிருந்தது, உச்சி முழுதாக இருந்தது. ஒரு டாக்டர் வந்து பேனாவால் நெற்றியில் கோடு போட்டார், நான் கேட்டபடியே கீழே இறக்கிப் போட்டார், அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. காலை 7 மணிக்குக் குப்புறப் படுக்கவைத்து, பின்மண்டையை மரத்துப்போகச் செய்து, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குழாய் ஊசியால் வேரோடு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மதியம் இட்லி கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து முன்னால் நட்டார்கள். முடியும்போது மாலை 5 மணி. செய்தவர்கள் எல்லாம் டெக்னீஷியன்கள்.

மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, நான்காம் நாள் வீக்கம் கண்ணுக்கு இறங்கி, இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. அது சாதாரணமாக வருவதுதான் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அன்று இரவு அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பத்து நாளில் பொருக்கு உதிர்ந்தது, மூன்றாம் வாரம் நட்ட முடியெல்லாம் கொட்டியது. இதுவும் சாதாரணம்தான், முடி போகும், வேர் உள்ளே இருக்கும். நான்காம் மாதம் முளைத்தது, ஒரு வருஷத்தில் நன்றாகவே ஆயிற்று. கல்யாணமும் ஆயிற்று.

பிரச்சினை அதற்குப் பிறகு. நட்டது பின்மண்டை முடி, அது போகாது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த என் சொந்த முடி போய்க்கொண்டே இருந்தது, ஏனென்றால் அதைக் காப்பாற்ற ஒரு மருந்தும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. 30 வயதில் முன்னால் ஒரு வரிசை முடி, நடுவில் ஒன்றுமில்லை, பின்னால் முடி. கடலில் தீவு மாதிரி. நெற்றிக்கோடு வேறு 25 வயசுப் பையனுக்குப் போட்ட கோடு. இரண்டாவது முறை வேறு ஒரு டாக்டரிடம் போனேன், அவர் பின்மண்டையைக் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, உனக்கு மிச்சம் இருக்கும் இருப்பு இவ்வளவுதான், உச்சியை முழுதாக மூட முடியாது என்று நேராகச் சொன்னார். ஒரு மனுஷனுக்குப் பின்மண்டையிலிருந்து வாழ்நாள் முழுக்க எடுக்க முடிவதே பெரும்பாலும் ஐந்தாயிரம், ஆறாயிரம் கிராஃப்ட்தான். அது வங்கி இருப்பு, வட்டி கிடையாது. உன்னிடம் ஒரே நாளில் 3,500 எடுக்கிறேன் என்கிறார்களே, உச்சி இன்னும் விரிந்தால் எதை வைத்து மூடுவார்கள் என்று கேட்டாயா?


வெண்டைக்காய்_பொரியல் எழுதியது:

கீற்றுக்கொட்டகை சொல்வது அத்தனையும் சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்தே போனார். டாக்டருக்குப் படித்த பையன். அரைமணி நேர வேலை மாதிரி இதை விற்கிறார்கள், உடம்பில் மரப்பு மருந்து ஏற்றிச் செய்கிற அறுவை சிகிச்சை இது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே, பயிற்சி பெற்ற பதிவு செய்த டாக்டர்தான் செய்ய வேண்டும், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யக்கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. கத்தி பிடிக்கப்போவது யார், அவருடைய பதிவு எண் என்ன, அவசரம் என்றால் அங்கே என்ன வசதி இருக்கிறது, இந்த மூன்றையும் கேட்காமல் படுக்காதீர்கள்.


மருந்துச்சீட்டு எழுதியது:

தஞ்சாவூரில் 19 வருஷமாக மருந்தாளுநர். நான் டாக்டர் இல்லை, அதனால் இதை எடு, அதை எடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கவுண்டருக்கு வாரத்துக்குப் பத்துப் பேராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள், அவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்.

முடி ஏன் போகிறது என்று தெரியாமல் எதையும் தொடங்கக்கூடாது. தம்பி சொல்வதைப் பார்த்தால் பரம்பரை வழுக்கை. டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு முன்மண்டை, உச்சி வேர்கள் தாக்குப்பிடிக்காது, ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்னைவிட மெலிதாக, குட்டையாக முளைத்துக் கடைசியில் பூனைமுடி ஆகிவிடும். பின்மண்டை வேர்களை அது ஒன்றும் செய்வதில்லை. அந்த முடியை எங்கே கொண்டுபோய் நட்டாலும் அதன் குணம் மாறாது என்று 1950-களில் நியூயார்க்கில் ஆரன்ட்ரைக் என்ற டாக்டர் செய்து காட்டினார், இன்றைக்கு நடுகிற எல்லாரும் அதன் மேல்தான் நிற்கிறார்கள். ஆனால் டெங்கு வந்து போன பிறகு, பிரசவத்துக்குப் பிறகு, கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டுமே, அது வேறு. அதற்கு நடவும் வேண்டாம், பேட்சும் வேண்டாம், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நின்று திரும்ப வரும். ரத்தசோகை, தைராய்டு என்றால் அதற்குத்தான் வைத்தியம். காசு வட்டம் மாதிரி மொழுமொழுவென்று போனால் அது புழுவெட்டு, அதற்கும் வழி வேறு.

பரம்பரை வழுக்கைக்கு நிரூபணம் உள்ள மருந்துகள் முக்கியமாக இரண்டுதான். மினாக்சிடில், முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை, சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள், 1988-ல் அமெரிக்காவில் அனுமதி. முதல் இரண்டு மாதத்தில் சிலருக்கு இன்னும் கூடுதலாகக் கொட்டும், பாதிப்பேர் அங்கேயே பயந்து பாட்டிலைத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். பொறுத்தால் நாலைந்து மாதத்தில் தெரியும். நிறுத்தினால் வந்தது போய்விடும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் கவனம், இந்த மருந்து பூனைக்கு விஷம், தடவிய தலையணையை நக்கினால்கூட ஆபத்து.

இரண்டாவது ஃபினாஸ்டரைடு. புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் 1992-ல் வந்தது, அதையே 1 மில்லிகிராமாக முடிக்கு 1997-ல் அனுமதித்தார்கள். இருக்கும் முடியைக் காப்பாற்றுவதில் கெட்டிக்கார மருந்து. ஆனால் சிலருக்கு, நூற்றில் ஓரிருவருக்கு, தாம்பத்திய ஆசை குறைவது, விறைப்புக் குறைவது என்று வரும், மனச்சோர்வும் சொல்லப்பட்டிருக்கிறது. வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதைச் சாப்பிடுகிறவர் ரத்ததானம் செய்யப் போனால் சொல்லிவிட வேண்டும், கர்ப்பிணி உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. கடையில் சீட்டு இல்லாமல் கொடுக்கச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள், நான் கொடுப்பதில்லை.

அப்புறம், வழுக்கையைக் குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்கிற எண்ணெய்கள். நம் நாட்டு மருந்து விதிகளில் ஜெ அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, குணமாக்குவேன் என்று மருந்து விற்கிறவர் சொல்லிக்கொள்ளக்கூடாத நோய்களின் பட்டியல். அதில் வழுக்கையும் உண்டு. அம்மா காய்ச்சும் எண்ணெய் அந்த ரகம் இல்லை, தேய்த்துக் குளியுங்கள், உடம்புக்கு நல்லது. புதுமுடியை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.


ஒரகடம்_ஷிப்ட் எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. முன்பணம் கட்டவில்லை. கீற்றுக்கொட்டகை அண்ணா, அந்தத் தீவு என்று சொன்னதைப் படித்துவிட்டு இரவு ஷிப்டு முழுக்க அதே நினைப்பு.

ஆனால் மருந்து என்றால் ஆறு மாதம், ஒரு வருஷம் என்கிறீர்கள். தை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வீட்டில் அவசரப்படுகிறார்கள். அதுவரைக்கும் பேட்ச் வைக்கலாமா? ஹெல்மெட்டுக்குள் வியர்வை ஊற்றுமே, தாங்குமா?


ஈரோட்டு_மஞ்சள் எழுதியது:

பேட்ச் பற்றி நான் சொல்கிறேன், ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன். ஜவுளி வியாபாரம், நாள் முழுக்க ஆட்களைப் பார்க்கும் தொழில். எனக்கு இது வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தது, அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் கடையில் இரண்டு மணி நேரத்தில் முடி வந்துவிடும் என்கிறார்களே, அதற்கு அடுத்த நாளிலிருந்து என்ன நடக்கும் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

ஹேர் பிக்சிங், பாண்டிங், வீவிங், நான் சர்ஜிக்கல் என்று பெயர்தான் வேறு வேறு, எல்லாம் ஒரு துணியோ பிளாஸ்டிக் தோலோ மேல் முடி கோர்த்த பேட்ச்தான். எதனால் ஒட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அடித்தளத்தில் மூன்று ரகம் பார்த்திருக்கிறேன். லேஸ், கொசுவலை மாதிரி மெல்லியது, காற்றுப் போகும், நெற்றிக்கோடு இயற்கையாகத் தெரியும், ஆனால் சில மாதத்தில் கிழியும். மோனோ, கொஞ்சம் முரட்டுத் துணி, ஒரு வருஷம்கூட உழைக்கும், வேர்வை இறங்கும். பாலியூரித்தீன் தோல், ஒட்டுவது சுலபம், கழுவுவது சுலபம், ஆனால் நம்ம ஊர் வெயிலுக்கு அடியில் வேர்வை தேங்கி, கழற்றும்போது ஒரு வாடை வரும், தலைத்தோல் வெள்ளையாக ஊறிப்போயிருக்கும். எட்டு மணி நேரம் ஹெல்மெட் போடுகிற ஆளுக்கு அது ஆகவே ஆகாது.

ஒட்டுவதற்கு கிளிப், டேப், பசை. கிளிப் என்றால் ராத்திரி கழற்றி வைக்கலாம், அது நல்லது. ஆனால் தினமும் ஒரே இடத்தில் கிளிப் கடித்து இழுத்தால் அந்த இடத்து முடியும் வேரோடு போகும், எனக்குக் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் அப்படிப் போனது. டேப்புக்கு மாறினேன். என் சனிக்கிழமை ராத்திரி இப்படி இருக்கும்: கரைப்பானை ஓரத்தில் விட்டு ஐந்து நிமிஷம் காத்திருந்து, இழுக்காமல் மெதுவாகக் கழற்றி, டேப் பிசுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்து, பேட்சை ஷாம்பூ கலந்த தண்ணீரில் ஒரே திசையில் அலசி, கசக்காமல் துண்டில் ஒற்றி ஸ்டாண்டில் மாட்டி, என் தலையைக் கழுவி இரவு முழுக்கக் காற்றாட விட்டு, ஞாயிறு காலை புதுடேப் ஒட்டுவேன். ஒன்றரை மணி நேரம். ஒரு வாரம் சோம்பல்பட்டாலும் அரிப்பு வந்துவிடும். புதுப்பசை எதுவாக இருந்தாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும், என் நண்பருக்கு நெற்றி முழுக்கக் கொப்பளம் வந்தது.

பேட்ச் முடிக்கு வேரில்லை, எண்ணெய்ப்பசை ஊறாது. போர்வெல் உப்புத் தண்ணீரில் இரண்டு மாதம் அலசினால் தேங்காய் நார் மாதிரி ஆகும். வெயிலில் நிறம் வெளுத்து மூன்றாம் மாதம் செம்பட்டை அடிக்கும், பின்மண்டை கறுப்பு, மேல்மண்டை செம்பட்டை, பார்த்த உடனே தெரியும். 14,000 என்பது ஆரம்பம். சர்வீஸ், டேப், வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ புதுப் பேட்ச் என்று எனக்கு வருஷம் 35,000 வரை ஆகிறது. இது ஒரு தடவைச் செலவு இல்லை, வாடகை மாதிரி.

உன் வேலைக்கு முழுநேரப் பேட்ச் வேண்டாம் என்பேன். விசேஷத்துக்கு மட்டும் வைக்க வேண்டுமென்றால் மோனோ, டேப். அவ்வளவுதான்.


சவுரிக்காரர்_மகன் எழுதியது:

ஈரோட்டு அண்ணன் முடி நார் ஆவதைச் சொன்னார், அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக முடித்தொழில். தாத்தா சவுரி கட்டினார், நாடகக்காரர்களுக்கு டோப்பா செய்தார், அப்பா ஏற்றுமதிக்காரர்களுக்குத் தரம் பிரித்தார், நான் விக் செய்கிறேன்.

கடையில் நூறு சதவீதம் மனித முடி என்பார்கள். எந்த மனித முடி என்று கேளுங்கள். திருமலையில், பழனியில் மொட்டை போடுகிறார்களே, அந்த முடி ஒரே கத்திரிப்பில் வருவதால் வேர்ப்பக்கம் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று கட்டிவைக்க முடியும். முடிக்கு மீன் செதில் மாதிரி மேலே செதில் உண்டு, எல்லாம் ஒரே திசையில் இருந்தால் சிக்காது. ரெமி என்பது இதுதான். தேவஸ்தானம் இதை ஏலம் விடுகிறது, உலகம் முழுக்கப் போகிறது. தெருவில் முடி வாங்குகிறவர் பாத்திரத்துக்கும் ஊசிக்கும் மாற்றிக்கொண்டு போவது சிக்குமுடி, சீப்பில் வந்தது, வேரும் நுனியும் கலந்தது. அதை அமிலத்தில் போட்டுச் செதிலை எடுத்து சிலிகான் பூசி விற்பார்கள். கடையில் பட்டு மாதிரி இருக்கும், பத்துத் தடவை அலசியதும் பூச்சுப் போய்விடும். வாங்குவதற்கு முன்னால் ஒரு இழையை நுனியிலிருந்து வேர்ப்பக்கம் இரண்டு விரலால் உருவிப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் செதில் இருக்கிறது. இரண்டு பக்கமும் வழுவழுவென்று போனால் யோசியுங்கள்.

2004-ல் யூத மதகுருமார்கள் கோயில் முடியில் செய்த விக்கைப் பெண்கள் போடக்கூடாது என்று சொல்ல, நியூயார்க்கில் யூத மக்கள் அந்த விக்குகளைத் தெருவில் வைத்து எரித்தார்கள். அந்த வருஷம் வந்த ஆர்டர்கள் எல்லாம் நின்றுபோய் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. நேர்ந்துகொண்டு கொடுத்த முடி எங்கெங்கோ போய் யார் யார் தலையிலோ உட்காருகிறது. நான் ஒரு பேட்சை முடிக்கும்போது அதை நினைக்காமல் இருந்ததில்லை.


காவிரிக்கரை_அக்கா எழுதியது:

ஆண்கள் மட்டும் பேசுகிறீர்கள், நானும் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்பகப் புற்றுநோய். முதல் கீமோ முடிந்து பதினாறாம் நாள் தலையணை உறை கறுப்பாக இருந்தது. தலை துவட்டினால் துண்டோடு வந்தது. சின்னவள் பார்த்துப் பயப்படுகிறாள் என்று அன்றைக்கே வீட்டுக்காரரை ட்ரிம்மர் எடுத்துவரச் சொல்லி முழுக்க எடுத்துவிட்டேன்.

விக் வாங்கினேன். சவுரிக்காரர் மகன் சொல்வது மாதிரி நல்ல முடிதான், ஆனால் திருச்சி மே மாத வெயிலில் அரைமணி நேரம்தான் தாங்கியது, கீமோவில் தலைத்தோல் வேறு தொட்டாலே வலிக்கும். அடியில் பழைய பருத்திச் சேலையில் தைத்த குல்லாய் போட்ட பிறகுதான் தாங்க முடிந்தது. ஆஸ்பத்திரிக்கும் கல்யாணங்களுக்கும் விக், வீட்டில் பருத்தித் துணி. எல்லாம் முடிந்து இரண்டாம் மாதம் பஞ்சு மாதிரி முளைத்தது, முதல் ஒரு வருஷம் சுருட்டை, இப்போது பழையபடி. யாராவது கீமோவுக்குப் போகிறவர்கள் படித்தால், முடி இருக்கும்போதே விக்குக்கு அளவு கொடுத்துவிடுங்கள், நெற்றிக்கோடும் நிறமும் பார்த்துச் செய்ய முடியும். உடம்பு முடியாத நாளில் கடை ஏறி இறங்க முடியாது.

இப்போது வகிடு அகலமாகிறது, அது வயசு. அதற்கு டாப்பர் என்று சின்னப் பேட்ச் வைக்கிறேன், வகிட்டை மட்டும் மூடும். முழு விக்கைவிட நூறு மடங்கு நிம்மதி.


பள்ளிக்கூட_வாசல் எழுதியது:

இழை திசைமாறுகிறது என்றால் மன்னியுங்கள். மகனுக்கு 11 வயது, இரண்டு இடத்தில் புழுவெட்டு. சின்ன வெங்காயம், பூண்டு என்று சொன்னதைக் கேட்டு என் மாமியார் அரைத்துத் தேய்த்து அந்த இடம் புண்ணாகிவிட்டது. இதற்கும் முடி நடுவார்களா?


மருந்துச்சீட்டு எழுதியது:

அம்மா, நட மாட்டார்கள். புழுவெட்டு என்பது புழு அரிப்பது இல்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடிவேரைத் தாக்குவது. நட்டால் அதையும் தாக்கும். ஓரிரண்டு வட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே வளர்ந்துவிடும், டாக்டர் பார்த்து வயதுக்கு ஏற்ற களிம்போ, பெரியவர்கள் என்றால் அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசியோ போடுவார். பூண்டை உடனே நிறுத்துங்கள், புண் ஆழமானால் தழும்பில் முடி வராது. பையனைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், படர்தாமரையா என்றும் பார்த்துவிடுவார், குழந்தைகளுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். புழுவெட்டுதான் என்று உறுதியானதும், அது மற்றவர்களுக்கு ஒட்டாது என்று பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்பார்கள்.


தென்காசிச்சாரல் எழுதியது:

இவ்வளவு பேர் எழுதியதில் ஒன்றை யாரும் சொல்லவில்லை. எடுத்துவிடலாம். 31 வயதில் ஒரு நாள் முழுக்க எடுத்தேன், எட்டு வருஷம் ஆகிறது. முதல் வாரம் ஆபீசில் திருப்பதியா பழனியா என்று கேட்டார்கள், எதிர்வீட்டுத் தாத்தா வீட்டில் யாரும் தவறிவிட்டார்களா என்று கேட்டார். இரண்டாம் மாதம் யாரும் கேட்கவில்லை. மூன்று நாளுக்கு ஒரு தடவை ஷேவிங், வெளியே போனால் சன்ஸ்கிரீன், இவ்வளவுதான் என் செலவு. சீப்பால் பக்கத்து முடியை இழுத்து மூடி, காற்றடித்தால் கையை வைத்துக்கொண்டு, பைக்கில் பின்னால் உட்கார பயந்து, அந்த ஏழு வருஷத்தை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.


வெண்டைக்காய்_பொரியல் எழுதியது:

அது உங்களுக்குச் சரி. அவருக்குப் பெண் பார்க்கிறார்கள். போட்டோவைப் பார்த்துத் தட்டிக்கழிக்கிற ஊரில் பேட்ச் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் என்ன தப்பு? பெண்கள் மேக்கப் போடுவதில்லையா? கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.


மாடித்தோட்டம் எழுதியது:

சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதியவருக்கு.

எனக்குச் சொன்னது யாரும் இல்லை. கல்யாணமாகி ஒன்பதாம் நாள், குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஈரமாக ஒன்று தொங்கியது, எலி என்று நினைத்து விளக்கைப் போட்டேன். அவர் அந்த ஒன்பது நாளும் நான் தூங்கிய பிறகுதான் தூங்குவார், நான் எழும் முன்னால் எழுந்துவிடுவார், தலையில் கை வைத்தால் தட்டிவிடுவார். என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து அழுதிருக்கிறேன். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் தரகருக்கும் தெரிந்திருந்தது, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் அப்பாவுக்கும் வழுக்கைதான், அவர் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டு வளர்ந்தவள் நான். எனக்கு அது ஒரு விஷயமே இல்லை. அதன் பிறகு அவர் சம்பளத்தைச் சொன்னாலும், ஆபீசில் தாமதம் என்றாலும் உண்மையா என்று ஒரு கேள்வி வந்து நின்றது. அது போக மூன்று வருஷம் ஆயிற்று. இப்போது நன்றாக இருக்கிறோம், பேட்ச் டேப்பை நான்தான் ஒட்டிவிடுகிறேன்.

ஒரகடம் தம்பி, பேட்ச் வையுங்கள், நடுங்கள், எது வேண்டுமானாலும் செய்யுங்கள். இருக்கிற தலையோடு ஒரு போட்டோ அனுப்புங்கள்.


வெண்டைக்காய்_பொரியல் எழுதியது:

நான் எழுதியது தவறு அக்கா. திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.


கீற்றுக்கொட்டகை எழுதியது:

மாடித்தோட்டம் எழுதியதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. மருத்துவம் பற்றி மட்டும் ஒரு வரி. ஒரு வருஷம் மருந்து எடுத்து, கொட்டுவது நின்று, அதே வெளிச்சத்தில் அதே இடத்தில் மாதம் ஒரு போட்டோ எடுத்துவை. அந்தப் போட்டோக்களோடு போனால் நல்ல டாக்டர் எவ்வளவு நட வேண்டும், எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று சொல்ல முடியும். பிஆர்பி பேக்கேஜ் என்று ஆறு சிட்டிங் தலையில் கட்டப் பார்ப்பார்கள், நம் ரத்தத்தை எடுத்து மெஷினில் சுற்றி, அதிலிருந்து பிரிகிற ஒரு பகுதியைத் திரும்பத் தலையில் ஊசி போடுவது, சிலருக்குக் கொஞ்சம் அடர்த்தி கொடுக்கிறது, சிலருக்கு ஒன்றுமில்லை. முதல் செலவு அதுவாக இருக்க வேண்டாம்.


ஒரகடம்_ஷிப்ட் எழுதியது (எட்டு மாதம் கழித்து):

எல்லாருக்கும் வணக்கம். இந்த இழையை யாராவது தேடி வருவார்கள் என்று திரும்ப எழுதுகிறேன்.

அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டினேன். சின்னக் கருவியை உச்சியில் வைத்துத் தடித்த முடியும் மெல்லிய முடியும் கலந்திருப்பதை எனக்கே காட்டினார் டாக்டர், பரம்பரை வழுக்கை என்று உறுதி செய்தார். இரண்டு மருந்தும் எழுதிக்கொடுத்தார். முதல் ஐந்து வாரம் கொட்டிய கொட்டில் விட்டுவிடலாம் என்று இருந்தது, மருந்துச்சீட்டு முன்னாலேயே எழுதியிருந்ததால் விடவில்லை. உச்சிச் சொட்டை உள்ளங்கையிலிருந்து ஒரு தேன்குழல் அளவுக்குக் குறைந்திருக்கிறது. நெற்றி அப்படியேதான் இருக்கிறது, அதற்கு மருந்து பெரிதாக ஒன்றும் செய்யாது என்று டாக்டரும் சொன்னார். நடுவதை 30 வயதுக்குப் பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். அம்மாவின் எண்ணெய் இன்னும் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் குளிக்கிறேன்.

பேட்ச் வாங்கவில்லை. ஹெல்மெட் கழற்றி, ஷிப்டு முடிந்த கையோடு, டீக்கடை வெளிச்சத்தில் எடுத்த போட்டோவை அனுப்பச் சொன்னேன். அதற்கும் இரண்டு இடம் நின்றது. மூன்றாவதாக விருதுநகர்ப் பக்கம் ஒரு குடும்பம், பேசி முடித்திருக்கிறார்கள், ஆவணியில் கல்யாணம். அந்தப் பெண்ணுடன் போனில் பேசும்போது என்ன மாத்திரை என்று கேட்டார், சொன்னேன். அடுத்த நாள் அந்த மருந்தின் தாளை இணையத்தில் தேடி முழுக்கப் படித்துவிட்டு, கர்ப்பமாக இருக்கும்போது தொடக்கூடாது என்று போட்டிருக்கிறதே, வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மருந்துச்சீட்டு, சொல்லுங்கள்.


மருந்துச்சீட்டு எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. நல்ல கேள்வி கேட்கிற பெண்.

முழு மாத்திரைக்கு மேல்பூச்சு உண்டு, உடையாமல் இருக்கும் வரை தொட்டால் பயமில்லை. அதனால் அட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள், அட்டையிலேயே இருக்கட்டும். சிலர் செலவு குறையும் என்று 5 மில்லிகிராம் வாங்கிக் கத்தியால் நாலாக நறுக்குவார்கள், அந்தப் பழக்கம் உங்கள் வீட்டில் வேண்டவே வேண்டாம், அந்தத் தூள்தான் ஆபத்து. உங்கள் உடுப்பு அலமாரியில் மேல்தட்டில் தனியாக வையுங்கள், சமையலறை மருந்து டப்பாவோடு சேர்க்காதீர்கள். குழந்தைக்குத் திட்டமிடும்போது மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று உங்கள் டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.


ஒரகடம்_ஷிப்ட் எழுதியது:

சரிங்க. அட்டையோடு மேல்தட்டு. இன்றைக்கு ராத்திரி போனில் சொல்லிவிடுகிறேன்.